மை பிடிக்காத இடம்

…வலது தோளில், இடது தோளில் இல்லை, எழுந்து போய்க் கைத்தடியின் நுனியால் தொட்டுக் காட்டிவிடலாமா அந்தப் பையனுக்கு, வேண்டாம், நான் ஏன் சொல்லிக்கொடுக்கவேண்டும், தப்பாகவே குத்திக்கொண்டு திரியட்டும், கறுப்பு புர்னூஸ் அங்கியை எங்கிருந்தோ வாடகைக்கு எடுத்திருக்கிறான், முக்காட்டைப் புருவம்வரை இழுத்துவிட்டிருக்கிறான், எல்லாம் சரி, ஆனால் அந்த வெள்ளைத் துணித்துண்டை மட்டும் இடது பக்கம் ஊக்குப் போட்டு மாட்டியிருக்கிறான், கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே மாட்டியிருப்பான், கண்ணாடி அவனை ஏமாற்றியிருக்கிறது, இவர்கள்தான் என் அண்ணன் வரைந்த படக்கதை நாயகன் பூஜனாஹ்வின் உயிர் ரசிகர்களாம். அதோ இன்னொருவன், அவனுக்கு வலது தோளில்தான் இருக்கிறது, ஆனால் வட்டமாக வெட்டியிருக்கிறான், அது வட்டம் இல்லை, கொஞ்சம் நீளவாக்கில், ஒரு பக்கம் அழுந்தி, அதன் வடிவம் என்ன, அது எங்கிருந்து வந்தது என்பது இந்த அல்ஜியர்ஸ் நகரத்தில் எனக்கு ஒருவனுக்குத்தான் தெரியும், அதை இன்றைக்கு மேடையில் சொல்லப்போகிறேன், சொல்லி இவர்களுடைய வாயை அடைக்கப்போகிறேன், அதற்காகத்தான் இந்தப் புழுக்கத்தில் கோட்டு போட்டுக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறேன். பக்கத்தில் நஸ்ஸீமா, என் அண்ணன் ஹாஷிமியின் மகள், விசிறியால் முகத்துக்கு வீசிக்கொண்டே என் காதருகே குனிந்தாள், “சித்தப்பா, முகத்தக் கொஞ்சம் தளர விடுங்க, சாவு வீட்டு ஜனாஸாவுக்கு வந்தவர் மாதிரி உக்காந்திருக்கீங்க, எல்லாரும் உங்களத்தான் படம் எடுக்கறாங்க.” எடுக்கட்டும். எங்கள் ஸஹ்னூன் வீட்டார் இப்படித்தான் உட்காருவார்கள், முதுகு நாற்காலியில் படாமல், வாப்பா அப்படித்தான் உட்கார்ந்தார், துறைமுகச் சுங்கத்தில் நானும் அப்படித்தான் உட்கார்ந்தேன், படகில் வந்த பெட்டியை நான் பார்க்கும்போது பெட்டிக்காரனுக்கு வியர்த்தது, இப்போது நான் பெட்டியாகிவிட்டேன், என்னைத் திறந்து பார்க்கக் காத்துக்கொண்டிருக்கிறார்கள்.

எத்தனை பூஜனாஹ்கள் இந்தக் கூடாரத்துக்குள்… எண்ணக்கூடாது, எண்ணினால் கோபம் வரும். ஒருவன் தயிர்க் கிண்ணத்தை நக்கிக்கொண்டிருக்கிறான், கிண்ணத்திலும் பூஜனாஹ். பையில், தொப்பியில், கைப்பேசி உறையில், வரும் வழியில் மேம்பாலத் தூணில் இரண்டு ஆள் உயரத்துக்கு, தொலைக்காட்சியில் ஒரு நடிகன் அவனுக்குக் குரல் வேறு கொடுத்துவிட்டான், மூக்கால் பேசுகிற குரல், பூஜனாஹ் மூக்கால் பேசமாட்டான், என் தலைக்குள் அவன் பேசிய குரல் தாழ்ந்த குரல், விழுங்கி விழுங்கிப் பேசும் குரல், அந்த நடிகனைக் கேட்டதிலிருந்து அது போய்விட்டது, எவ்வளவு கூப்பிட்டாலும் வருவதில்லை. அவன் ஒரு திருடனைப் பிடிக்கிறவன்கூட இல்லை, பாவம், பழைய நகரமான கஸ்பாவின் மொட்டைமாடிகளில் தாவித் தாவித் திருட்டுப் பொருளை மீட்டு, அதைக் கொண்டுபோய்த் தப்பான வீட்டில் கொடுத்துவிடுகிறவன், அந்தத் தப்பான வீட்டுக்குத்தான் அன்றைக்கு அது தேவையாக இருக்கும், அவ்வளவுதான் கதை, ஒரு பக்கம், அதைப் படித்துவிட்டு நாள் முழுக்க உதட்டோரம் ஒரு சிரிப்பை வைத்துக்கொண்டு நடமாடலாம். இப்போது புத்தகத்தைத் திறந்தால் என் தோளுக்கு மேலே ஊரே எட்டிப் பார்க்கிறது. கைப்பேசியில் இவர்கள் குழு ஒன்று வைத்திருக்கிறார்கள், நஸ்ஸீமா என்னையும் அதில் சேர்த்துவிட்டாள், அவன் கபீலியாக்காரனா கான்ஸ்டன்டைன்காரனா என்று ஒரு வாரம் அடித்துக்கொண்டார்கள், அவனுக்குக் கல்யாணம் ஆகலாமா கூடாதா என்று இன்னொரு வாரம், ஒருவன் அவனுக்குப் புஜத்தில் உருண்டை உருண்டையாகச் சதை வைத்து வரைந்து அனுப்புகிறான், அதற்கு நூறு பேர் கைதட்டுகிறார்கள், அன்றிலிருந்து நான் பழைய தொகுப்பை எடுத்தால் அந்தச் சதை கண்ணில் வந்து நிற்கிறது, போகமாட்டேன் என்கிறது. அண்ணன் இறந்தபோது இவர்களில் ஒருவரும் மையத்தாங்கரைக்கு வரவில்லை. சரி, அப்போது இவர்களில் பாதிப் பேருக்கு மீசைகூட முளைத்திருக்காது, அது எனக்கும் தெரியும், தெரிந்தும் அதைச் சொல்லிக்கொள்வதில் ஒரு சுகம் இருக்கிறது.

பின்வரிசையில் இரண்டு பேர் சண்டை, குரல் தாழ்த்திக்கொள்ளத் தெரியாத தலைமுறை. “நீ டிவி வந்தப்புறம் வந்தவன்தானே, ஒனக்கு என்ன தெரியும் பூஜனாஹ்வப் பத்தி?” “நீ மட்டும் தொட்டில்லயே படிச்சியாக்கும், போடா, ரெண்டு வருஷம் முன்னாடி வந்துட்டு பெரிய ஷேக் மாதிரி பேசற.” நான் திரும்பிப் பார்க்கவில்லை, ஆனால் முதலில் பேசினவன் பக்கம்தான் என் மனம் போனது, அதுவே எனக்குப் பிடிக்கவில்லை, நானும் அவனும் ஒன்றா, அவன் இரண்டு வருடம் முந்தினவன், நான் எல்லோருக்கும் முந்தினவன், அச்சு யந்திரத்துக்கே முந்தினவன். அந்தக் காலத்தில் எங்களுக்கு ஞாயிறுதான் விடுமுறை. அண்ணன் சனிக்கிழமை பென்சிலால் பக்கத்தை வரைந்து முடித்திருப்பான், ஞாயிறு காலை அதைச் சமையலறைக்குக் கொண்டுவருவான், நான் படித்துத் தலையாட்டின பிறகுதான் மைப்புட்டியைத் திறப்பான், திங்கட்கிழமை பத்திரிகை ஆபீசுக்குப் போகும். சமையலறைக்கு ஏன் என்றால் வாப்பா அங்கே வரமாட்டார். வாப்பா நீதிமன்ற எழுத்தர், அவர் கையெழுத்தைப் பார்க்க வக்கீல்கள் வருவார்கள், அப்படிப்பட்டவரின் மூத்த மகன் நடைபாதையில் விரித்து விற்கிற பத்திரிகையில் பொம்மை போடுகிறான் என்றால்… அண்ணன் தன் பெயரைப் போட்டதே இல்லை, பக்கத்தின் மூலையில் ஒரு சின்னக் கொக்கி மட்டும், எங்கள் குடும்பப் பெயர் அந்தக் காகிதத்தில் படவில்லை, அந்த மரியாதையை அவன் கடைசிவரை காப்பாற்றினான். உம்மா அடுப்புப் பக்கம் திரும்பி நின்று ஸ்ஃபெஞ்ச் பொரித்துக்கொண்டிருப்பாள், மாவை இழுத்து வளையமாக்கி எண்ணெயில் போடுவாள், காகிதத்தைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். “உருவம் இருக்கற வீட்டுக்கு வானத்து மலக்குகள் வரமாட்டாங்க, சீக்கிரம் எடுத்துட்டுப் போங்கடா ரெண்டு பேரும்.” நாங்கள் எடுத்துக்கொண்டு போகமாட்டோம். நான் உரக்கப் படிப்பேன், உரக்க என்றால் வாப்பாவுக்குக் கேட்காத அளவுக்கு உரக்க, ஒவ்வொரு கட்டமாக, பூஜனாஹ்வுக்கு ஒரு குரல், வீட்டுக்காரிக்கு ஒரு குரல், பூனைக்கு ஒரு குரல், கட்டத்தில் என்ன நடக்கிறது என்பதையும் சொல்லிச் சொல்லி, அண்ணன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பான், எங்கே சிரிக்கிறேன் என்று. அன்றைக்குக் கடைசி வளையம் எப்போதும் கருகியிருக்கும், வாப்பா மேசையில் அதைத் தள்ளிவைத்து உம்மாவைத் திட்டுவார், ஞாயிற்றுக்கிழமை மட்டும் உன் கண் எங்கே போகிறது என்று.

அப்படியொரு ஞாயிறு. ராணுவச் சேவை முடிந்து தெற்கே பெஷாரிலிருந்து நான் திரும்பி வந்த வருடம், வெயில் ஆரம்பித்திருந்தது. ஸ்ஃபெஞ்சைப் பிய்த்துத் தின்றுகொண்டே பக்கத்தை வலது கையால் பிடித்துப் படித்தேன், என் கட்டைவிரல் பூஜனாஹ்வின் வலது தோளில் இருந்தது, பென்சில் கோட்டின் மேல். பிறகு அண்ணன் மை தீட்டினான். அங்கியைக் கறுப்பாக நிரப்பிக்கொண்டு வந்தவன் தூரிகையை நிறுத்தினான். அந்த இடத்தில் மை ஒட்டவில்லை, உருண்டு உருண்டு விலகிப் போனது, எண்ணெய் குடித்த காகிதம் மையை எடுத்துக்கொள்ளாது. என் கட்டைவிரல் அவன் தோளில் வெள்ளையாக நின்றது. போச்சு என்று நினைத்தேன், ஒரு வார வேலை. அண்ணன் காகிதத்தைச் சாளரத்துப் பக்கம் தூக்கிப் பிடித்துப் பார்த்தான், சிரித்தான், ஏதோ தெரிந்த ஆளைத் தெருவில் பார்த்ததுபோல ஒரு சிரிப்பு. “இருக்கட்டும் லக்தர், நல்லாத்தான் இருக்கு, இனிமே இவனுக்கு இது இருக்கட்டும்.” அதற்குப் பிறகு அவன் இருந்தவரை வரைந்த எல்லாப் பக்கத்திலும் அந்த இடத்தில் மை தொடாமல் விட்டுவிட்டு வரைந்தான். ஏன் என்று பத்திரிகைக்காரர்கள் கேட்டார்களாம், சொல்லவில்லை. அண்ணியிடமும் சொல்லவில்லை, கேட்டுப் பார்த்தேன், அவளுக்குத் தெரியாது. என்னை அவன் தன் படத்துக்குள் எடுத்துவைத்துவிட்டான், யாருக்கும் சொல்லாமல், எனக்கும் அவனுக்கும் நடுவில். பேருந்தில் யாராவது அந்தப் பத்திரிகையைப் படித்துக்கொண்டிருந்தால் நான் பக்கத்தில் நின்று அந்தத் தோளை மட்டும் பார்ப்பேன், வாலிப வயதில் எனக்கு இருந்த பெரிய கர்வம் அதுதான்.

கைதட்டல். மேடையில் ஸுஃபியான் ஏறிவிட்டான், குழுவின் தலைவன், மருந்துக்கடை வைத்திருக்கிறான், கழுத்தில் பூஜனாஹ் பதக்கம், வீட்டுக்கு வந்து என் கையை நெற்றியில் ஒற்றிக்கொண்டு அழைத்தான், பழுதில்லை, வளர்த்த விதம் தெரிந்தது, ஆனால் வாயைத் திறந்தால் ‘நம்ம’. “நம்ம பூஜனாஹ், நம்ம ஹாஷிமி”… உன் ஹாஷிமியா, உனக்கு அவன் காலணி அளவு தெரியுமா, தூங்கும்போது பல்லைக் கடிப்பான், அது தெரியுமா. “இந்த வெள்ளை என்னங்கறதுக்கு நம்ம குழுவுல நிறைய விளக்கம் வந்திருக்கு. ஒரு துப்பாக்கித் தழும்புன்னு சில பேர் சொல்றோம், தியாகிகளோட அடையாளம். சில பேரு, அது நிலா, அவன் ராத்திரிய முதுகுல சுமக்கறான்னு சொல்றாங்க.” ஹோ என்கிறார்கள். நிலாவாம். எனக்கு உள்ளங்கை அரித்தது. “அப்புறம் அந்த மௌனக் குளிர்காலம். ஒரு குளிர்காலம் முழுக்க நம்ம ஹாஷிமி ஒரு வார்த்தைகூட எழுதல, வெறும் படம் மட்டும். மேலேருந்து நெருக்கடி வந்திருக்கு, வாய்ப்பூட்டு போட்டிருக்காங்க, மனுஷன் ஊமையா எதிர்ப்பு காட்டியிருக்காரு.” மறுபடி கைதட்டல். நெருக்கடியும் இல்லை, பூட்டும் இல்லை. அது நான் பெஷார் முகாமில் மணல் தின்றுகொண்டிருந்த குளிர்காலம். நான் ஊரில் இல்லை, அதனால் அண்ணனுக்கு வார்த்தை வரவில்லை, திரும்பி வந்த மறு வாரமே பூஜனாஹ் பேச ஆரம்பித்துவிட்டான், கணக்குச் சரியாக இருக்கிறதா இல்லையா. யாரோ முகாமுக்கு வந்தவன் சொல்லித்தான் எனக்கே தெரியும், உன் அண்ணன் பொம்மைக்கு வாய் போய்விட்டதே என்று, நான் தகரக் கட்டிலில் படுத்துக்கொண்டு, வெட்கமாகத்தான் இருக்கிறது, சந்தோஷப்பட்டேன். ஆனால் அந்தப் பக்கங்களை நான் பார்த்ததில்லை. திரும்பி வந்ததும் அண்ணன் அடுக்கிவைத்துக் காட்டினான், அப்புறம் பார்க்கிறேன் என்றேன், பார்க்கவில்லை, நான் இல்லாமல் வரைந்தவற்றில் எனக்கு என்ன இருக்கிறது, அவை எனக்கு மாற்றாந்தாய்ப் பிள்ளைகள் போல. பிறகு பாப் எல் வெத்தில் வெள்ளம் வந்து வீட்டுக் கீழ்த்தளத்தில் இருந்ததையெல்லாம் சேறாக்கிக்கொண்டு போனது, அவையும் போயின. தொகுப்புப் புத்தகங்களிலும் அவை இல்லை, வசந்தத்திலிருந்துதான் ஆரம்பம், எனக்கு அதுவே சரியாகப் பட்டது, நான் வந்த நாளிலிருந்து ஆரம்பம்.

பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். நஸ்ஸீமா முழங்கையைப் பிடித்தாள், உதறினேன், படிகளை நானே ஏறினேன். ஒலிபெருக்கியை ஸுஃபியான் என் வாய்ப்பக்கம் திருப்பினான், இத்தனை முகம், இத்தனை கறுப்பு அங்கி, அத்தனையிலும் ஒரு வெள்ளை, வலதிலும் இடதிலும். வீட்டில் பலமுறை சொல்லிப் பார்த்திருந்தேன், சுங்க அறிக்கை வாசிப்பதுபோல, உணர்ச்சி இல்லாமல். “அது தழும்பும் இல்ல, நிலாவும் இல்ல. அது என் கட்டைவிரல். பெஷார்ல ராணுவச் சேவை முடிச்சுட்டு வந்த வருஷம், ஸ்ஃபெஞ்ச் தின்ன கையால பக்கத்தப் பிடிச்சேன், எண்ணெய் பட்ட இடத்துல மை ஒட்டல. அண்ணன் அத அப்படியே வச்சுட்டான். அவ்வளவுதான்.” நான் எதிர்பார்த்தது அமைதி, முகங்கள் விழுவது, அங்கியிலிருந்து துணித்துண்டுகளைக் கழற்றுவது, வெறும் எண்ணெய்க் கறைக்கா இவ்வளவு என்று வீட்டுக்குப் போவது, பிறகு ஒரு மாதத்தில் தயிர்க் கிண்ணத்திலிருந்துகூட அவன் இறங்கி என்னிடம் திரும்பி வருவது. வந்ததோ கூடாரம் இடிந்து விழுந்ததுபோல ஒரு ஆரவாரம், பெண்கள் குலவை விட்டார்கள், கல்யாண வீட்டைப்போல, யாரோ அழுகிறான், ஒருவன் அங்கியின் கழுத்தை இழுத்து இறக்கிக்கொண்டு மேடைக்கே ஏறிவிட்டான், தோளில் பச்சை குத்தியிருக்கிறான், அந்தக் கறையை, “ஹாஜ், இது ஒங்க வெரலா ஹாஜ், மூணு வருஷமா ஒங்க வெரல சுமந்துட்டு திரியறனா நானு, எங்கம்மா கிட்ட என்னன்னு சொல்வேன்.” எல்லோரும் சிரித்தார்கள். நான் சொன்னதை என் கண் முன்னாலேயே பிடுங்கிக்கொண்டார்கள். ஐம்பது வருடம் பூட்டிவைத்திருந்தது, ஒரு நிமிடத்தில் அதுவும் ‘நம்ம’ ஆகிவிட்டது.

அதோடு விட்டார்களா. நுழைவுச்சீட்டு மேசையிலிருந்து முத்திரை மைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டான் ஸுஃபியான், “ஹாஜ், ஒரே ஒரு உபகாரம், எல்லாரோட புத்தகத்துலயும் அந்த வெரல வச்சுக் குடுங்க.” கைநாட்டா. ஸஹ்னூன் வீட்டு ஆண்பிள்ளை கைநாட்டு வைப்பதா. வாப்பா நாள் முழுக்க நீதிமன்றத்தில் எழுதத் தெரியாதவர்களின் விரலைப் பிடித்து மையில் அழுத்தி உருட்டிவிட்டு, வீட்டுக்கு வந்ததும் கையை எலுமிச்சம்பழத்தால் தேய்த்துக் கழுவுவார், நம் குடும்பத்தில் யாருக்கும் இந்தக் கறை வரக்கூடாது என்று எங்களை எழுத உட்காரவைப்பார். எங்கள் வீட்டில் அந்தக் கறை பட்டது உம்மாவின் விரலில் மட்டும்தான், அதைப்பற்றி நாங்கள் பேசுவதில்லை, வாப்பாவே அவள் விரலைப் பிடித்து அழுத்துவார், முகத்தைப் பார்க்காமல். முடியாது என்று சொல்ல வாயெடுத்தேன். வரிசை கூடாரத்தின் வாசல்வரை போய்விட்டது. நஸ்ஸீமா கண்ணால் கெஞ்சினாள். உட்கார்ந்தேன், முதுகு படாமல், விரலை மையில் வைத்தேன். முதல் புத்தகம், இரண்டாவது புத்தகம்… மறைத்து என்ன, ஒரு கட்டத்தில் நன்றாகத்தான் இருந்தது, என் விரல் அழுந்தும் இடத்தை அத்தனை கண்கள் பார்க்கின்றன, யாருடைய அண்ணனுக்கும் இப்படி ஒரு தம்பி இருந்ததில்லை, இடது தோள்காரன் வந்தான், “தப்பா மாட்டியிருக்கே” என்றேன், “தெரியும் ஹாஜ், கண்ணாடி செஞ்ச வேல” என்று பல்லைக் காட்டினான், நானும் சிரித்துவிட்டேனோ, தெரியவில்லை, ஆனால் அடுத்த நொடியே கணக்குப் போட்டேன், இத்தனை பேருக்குக் கொடுத்தால் அப்புறம் எனக்கு என்ன மிஞ்சும்.

அப்போதுதான் அந்தப் பெண். வேடம் எதுவும் போடவில்லை, தலைத்துணியை இறுக்கிக் கட்டியிருந்தாள், கையில் புத்தகம் இல்லை, எக்ஸ்ரே படம் வைக்கிற பெரிய உறை ஒன்று. ஓரானிலிருந்து வருகிறாளாம், பல் வைத்தியம் படிக்கிறாளாம், பெயர் மாயிஸ்ஸா. பின்னால் நிற்பவர்களுக்குத் தெரியாதபடி உறையை என் பக்கம் சாய்த்துக்கொண்டு மெதுவாகத்தான் பேசினாள். “ஹாஜ், நீங்க பெஷார்லேர்ந்து வந்தப்புறம்தான் அந்த வெரல் பட்டுதுன்னு சொன்னீங்க இல்ல?” ஆமாம். “குளிர்காலத்துல நீங்க ஊருல இல்ல.” இல்லை. “எங்க தெருவுல முடி வெட்டறவரு கடையில பழைய பத்திரிகைக் கட்டு ஒண்ணு இருந்துது. அதுல இது ஒண்ணு, மௌனக் குளிர்காலத்துது. குழுவுல யார்கிட்டயும் இல்ல. அச்சுல விட்டுப்போன எடம்னு நெனச்சேன், நீங்க இப்ப எண்ணெய்னு சொன்னதும்தான்…” உறையிலிருந்து பாதி வெளியே இழுத்தாள். மஞ்சளேறிய பக்கம். ஆறு கட்டம். கடைசிக் கட்டத்தில் பூஜனாஹ் முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு வாசலில் நிற்கிறான், அங்கி கறுப்பு, அங்கியின் கீழ் ஓரத்தில், தரையை ஒட்டி, ஒரு வெள்ளை. நீளவாக்கில். ஒரு பக்கம் அழுந்தி. “எண்ணெய் பட்டாத்தான் விளிம்பு இப்படிச் சிதறும் இல்ல ஹாஜ்?” எனக்குத் தெரியாதா அந்த விளிம்பு, அரை நூற்றாண்டு நான் பார்த்துக்கொண்டிருந்த விளிம்பு. அப்படியானால் அண்ணன் அன்றைக்குச் சாளரத்துப் பக்கம் தூக்கிப் பார்த்துச் சிரித்தானே, தெரிந்த ஆளைப் பார்த்ததுபோல… தெரிந்த ஆளைத்தான் பார்த்தானா. நான் இரண்டாவதா.

யார். என் நாற்காலியில் யார் உட்கார்ந்தது. என் கட்டைவிரலைக் கொண்டுபோனேன், மை பட்டிருந்தது, தொடாமல் மேலே நிறுத்திப் பார்த்தேன், பக்கம் அச்சாகும்போது சிறுத்திருக்கும், ஆனால் என்னுடையதும்தான் அதே அளவுக்குச் சிறுத்தது, அந்த வடிவம் எனக்கு மனப்பாடம், இது அதில் பாதி, சின்ன விரல், பெண்பிள்ளை விரல். கீழ்வீட்டில் ஸுஹூர் இருந்தாள், அண்ணி, அப்போது அண்ணி ஆகவில்லை, கல்யாணத்துக்கு இன்னும் மூன்று வருடம், அவள் எங்கள் சமையலறைக்கு வந்திருந்தால், வாப்பா நீதிமன்றத்தில் இருக்கும் நேரத்தில், ஒரு கன்னிப்பெண்… என் பக்கத்தில் அவள் மகள் நஸ்ஸீமா யாருக்கோ தண்ணீர் ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருக்கிறாள். “இத குழுவுல போடட்டுமா ஹாஜ்?” என்றாள் மாயிஸ்ஸா, “நீங்க வேண்டாம்னா போடல. யார்கிட்டயும் சொல்லவும் மாட்டேன்.” இவள் யார் எங்கள் வீட்டு மானத்தைக் காப்பாற்றுவதற்கு, நேற்றுவரை பெயர் தெரியாது. போட்டால் நாளைக்கு ஆயிரம் பேர் கேட்பார்கள், அந்தக் குளிர்காலத்தில் ஸஹ்னூன் வீட்டுச் சமையலறையில் இருந்தது யார் என்று. போடாவிட்டால் நான் மட்டும் கேட்டுக்கொண்டிருப்பேன். “கொஞ்சம் பொறும்மா,” என்றேன், “முதல்ல நான் படிக்கறேன்.”

பின்னால் ஒருவன், “ஹாஜ், என் புக்கு, எனக்கு ஓரானுக்கு ரயில் இருக்கு,” ரயில் போகட்டும். எத்தனை வருடத்துக்குப் பிறகு அவனைப் படிக்கிறேன், யாரும் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்க்கவில்லை, மூக்கால் யாரும் பேசவில்லை, முதல் கட்டத்தில் மொட்டைமாடி, இரண்டாவதில் அவன் பித்தளை உரலைத் தூக்கிக்கொண்டு தாவுகிறான், மூன்றாவதில் பூனை, நான் எந்தக் குரலும் கொடுக்கவேண்டியிருக்கவில்லை, எல்லாம் கண்ணாலேயே புரிகிறது, ஒரு குழந்தைக்குப் புரியும், எழுத்துத் தெரியாத யாருக்கும்… ஸுஹூர் பள்ளிக்கூடத்தில் ஆசிரியை, அவளுக்காக ஏன் வார்த்தையை எடுக்கவேண்டும். நான் போனேன், உரக்கப் படிக்க ஆள் இல்லை, அதுவரை நான் சொன்னது சரிதான், நான் இல்லாததால்தான் வார்த்தை போனது, ஆனால் யாருக்குப் படிக்க ஆள் இல்லை. அண்ணனுக்கா, வரைந்தவனே அவன், அவனுக்கு ஏன் நான் உரக்கப் படித்தேன் ஒவ்வொரு ஞாயிறும், பூனைக்குக்கூடக் குரல் வைத்து. எண்ணெய் சீறும் சத்தம், திரும்பி நிற்கும் முதுகு, மாவு பிசைந்து பிசைந்து எப்போதும் பளபளத்த உம்மாவின் அந்தச் சின்னக் கை, வாப்பா மைப்பெட்டியில் வைத்து அழுத்தும்போது மை ஒட்டாமல் திரும்பத் திரும்ப அழுத்துவாரே… கடைசி வளையம் ஏன் எப்போதும் கருகியது. நான் பக்கத்தைக் கீழே வைக்கவில்லை. மாயிஸ்ஸா பதிலுக்குக் காத்துக்கொண்டு நின்றாள், மை காய்ந்துகொண்டிருந்த என் கட்டைவிரல் அந்த வெள்ளைக்கு மேலே ஒரு நூல் உயரத்தில் நின்றது, வைத்தால் அது மறைந்துவிடும், எடுத்தால் எல்லோருக்கும் தெரியும்.